மிருக வைத்தியரின் தொடர்கல்வி: மலைநாட்டு நோக்கில் ஒரு வரலாற்று ஆராய்ச்சி

மக்களுக்குரிய மருத்துவம், கால்நடைக்குரிய மருத்துவம் என்னும் இரண்டினையும் அரசின் கடமையாகக் கொண்டமைக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று அசோக மன்னனின் இரண்டாம் பாறைச் சாசனமாகும். கி. மு. மூன்றாம் நூற்றாண்டிற் பொறிக்கப்பட்ட அச்சாசனம், இவ்விருவகை மருத்துவமும் அவனது ஆட்சிக்கு அப்பாற்பட்ட சோழர், பாண்டியர் முதலியோர் நாடுகளிலும் தாமிரபர்ணி வரையிலும் ஏற்படுத்தப்பட்டன எனக் கூறுகின்றது. ஈண்டுத் தாமிரபர்ணி என்றது இலங்கையை என்பது அறிஞர் பலரின் கொள்கை. மூலிகையும் வேரும் கனியும் கிடையாத இடங்களுக்கு அவை கொண்டுசெல்லப்பட்டு நடப்பட்டன என்று அதே சாசனம் தொடர்ந்து உரைப்பது கருதற்பாலது. மருத்துவனை அனுப்பினால் மட்டும் போதாது, அவன் தொழில் நடத்துதற்கு வேண்டிய சாதனங்களும் அவனைத் தொடர்ந்து செல்லவேண்டும் என்னும் உண்மையை அம்மன்னன் அறிந்திருந்தான் போலும்.

இலங்கை வரலாற்றிலும் இதற்கு ஒத்ததொரு செய்தி உண்டு. கி. பி. நான்காம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் அரசு புரிந்த புத்ததாச மன்னன் பத்துக் கிராமத்துக்கு ஒரு வைத்தியரை நியமித்தான் என்றும், யானைகளுக்கும் குதிரைகளுக்கும் போர்வீரர்க்கும் தனித்தனியே வைத்தியரை அமர்த்தினான் என்றும் சூளவம்சம் கூறும். தமிழ்நாட்டில் மாட்டு வாகடம், குதிரை வாகடம் என்னும் பெயரால் ஏட்டுச்சுவடிகள் பல வழங்கிவந்தன. ஒரு வாகடச் சுவடிக்கும் மற்றொன்றுக்கும் பாடவேறுபாடு மிகுந்திருத்தலை நோக்குமிடத்து, படியெடுத்தோர் தத்தம் அநுபவத்திற் கண்ட மருந்துகளையும் இடையிடையே சேர்த்தனர் எனக் கருத இடமுண்டு. பதிப்பாசிரியர்க்கு இது தலைவலி. ஆயினும் தொழில் புரிவோன் தான் கற்ற நூலைத் தானே வளர்த்துச் செல்லும் வழக்கத்துக்கு இதனினும் நல்ல அடையாளம் வேறில்லை.

இந்தப் பழஞ்செய்திகளை மனத்திற்கொண்டு இலங்கையின் மத்திய மலைநாட்டை நோக்குவாம். தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் இடையே, கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேல், தேயிலை மலைகள் சூழ அமைந்த சிறு நகரம் வட்டகொடை. சுற்றிலுமுள்ள தோட்டங்களின் லயங்களை அடுத்து மாட்டுக்கொட்டில்கள் காணப்படும். நிலம் முழுவதும் தேயிலைக்கு உரியதாகலின் மாட்டை அவிழ்த்து மேய்க்க இடமில்லை. மலைச்சரிவிலும் ஓடைக்கரையிலும் அறுத்த புல்லைக் கட்டாகத் தலையிற் சுமந்து வந்து கொட்டிலில் இடுவர். கொழுந்து பறித்து மீண்ட பின்னரே இவ்வேலை தொடங்கும். பாற்பணமும், கன்று விற்ற பணமும், தோட்டக் கூலிக்கு அப்பாற்பட்டு அக்குடும்பம் தன் கைப்பொருள் எனச் சொல்லத்தக்க சேமிப்பாகும். அந்தப் பசு ஒன்று வீழ்ந்தால் அவ்வீட்டின் சேமிப்பு முழுவதும் வீழ்கின்றது. அதனைக் காக்க வரும் மிருக வைத்தியர் பட்டம் பெற்ற நாளிற் கற்றதோடு நின்றவரா, அதன் பின்னும் கற்றுவருபவரா என்பது இங்கே ஏட்டுச் சிக்கலன்று.

மலைநாட்டின் தோட்ட வரலாறு தொடக்கத்திலேயே மாட்டொடு பிணைந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில், கோப்பியைக் கீழ்நாட்டுக்கு இறக்கியனவும் அரிசியை மலைக்கு ஏற்றியனவும் மாட்டு வண்டிகளே. எருவுக்காகவும் தோட்டங்களில் மாடுகள் வளர்க்கப்பட்டன. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிப் பண்ணை நிறுவ முயன்ற சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், தாம் அடைந்த இழப்புக்களைப் பின்னர் நூலாக எழுதிவைத்தார். ஏறுபாதையில் வண்டியிழுக்க ஏவப்பட்ட யானை இறந்தது. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த உயர்சாதிப் பசு மலையை அடையுமுன் வழியிலேயே மடிந்தது. பின்பு ஒரு கொள்ளைநோயில் இருபதுக்கு மேற்பட்ட எருதுகள் சில நாட்களில் அழிந்தன. செல்வமும் ஊக்கமும் நிரம்பப் பெற்ற ஒருவர்க்கே இக்கதியானால், ஒற்றை வண்டிமாட்டை நம்பிய வண்டிக்காரர் நிலையை உய்த்துணரலாம். 1885ஆம் ஆண்டில் ரயிற்பாதை நானுஓயாவரை நீண்டபோது வட்டகொடைப் பகுதியில் வண்டிமாட்டின் தேவை குறைந்தது. கோப்பியும் இலைநோயால் அழிந்து தேயிலை அதனிடத்தைப் பெற்றது. மாடு மட்டும் தோட்டத்தை விட்டு அகலவில்லை; துரைமாரின் வண்டிமாடு என்னும் நிலை மாறித் தொழிலாளரின் பசுவாயிற்று.

கால்நடை மருத்துவம் கல்லூரிக் கல்வியாக உருப்பெற்றதும் கொள்ளைநோயின் பயனாகவே என்பது வரலாறு. ஐரோப்பாவில் மாட்டுக்கொள்ளை நோய் மந்தை மந்தையாக அழித்துவந்த காலத்தில், குளோட் பூர்ஷெலா என்பார் பிரான்சின் லியோன் நகரில் முதலாவது கல்லூரியை அமைத்தார். 1762இல் அங்குக் கற்பித்தல் தொடங்கியது. இலண்டனில் 1791இலும், பம்பாயில் 1886இலும், சென்னை வேப்பேரியில் 1903இலும் கல்லூரிகள் எழுந்தன. இலங்கையிற் கல்லூரி இன்மையால் இந்நாட்டு மாணாக்கர் இந்தியக் கல்லூரிகளையும் பிரித்தானியக் கல்லூரிகளையும் நாடிச் சென்றனர். கற்று மீண்டவர் தொகை மிகச் சிறிது. ஒருவர் பொறுப்பிற் பல ஊர்கள் இருக்கும். கலந்து பேசுதற்குத் தம் தொழிலார் மற்றொருவர் அண்மையில் இரார். இத்தகையவர்க்குக் கல்லூரிக்குப் பிந்திய கல்வி தபால்வழியே வந்தது.

அத்தபாலில் வந்தவை யாவை? 1888இல் வில்லியம் ஹன்டிங் இங்கிலாந்தில் தொடங்கிய ‘வெட்டரினரி ரெக்கோட்’ என்னும் வாரச் சஞ்சிகை முதலில் எண்ணத்தக்கது. வெப்பநாட்டு நோய்கள் பற்றிய ஆய்வுகளைச் சுருக்கித் தரும் சஞ்சிகையொன்று 1912இல் தோன்றியது. அதன் பணியை 1931 முதல் வெய்பிரிட்ஜ் நகரிலிருந்து வெளிவந்த ‘வெட்டரினரி புல்லட்டின்’ மேற்கொண்டது. பல மொழிகளில் வெளியான ஆய்வுகளின் பிழிவை ஆங்கிலத்திற் சில வரிகளில் தந்த அவ்வெளியீடு, நூலகம் அற்ற ஊரிலிருந்த வைத்தியர்க்கு நூலகமாகவே பயன்பட்டது எனலாம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 1924ஆம் ஆண்டு சிறப்புடையது. அவ்வாண்டிற் சென்னையில் பி. சீனிவாச ராவ் ‘இந்தியன் வெட்டரினரி ஜர்னல்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். ஊர் ஊராய்ச் சென்று தொழில்புரிந்த இந்திய வைத்தியர் தாம் கண்ட நோயைத் தாமே எழுதி வெளியிடுதற்கு அது களமாயிற்று. கற்பவன் எழுதவும் தொடங்கினாலன்றித் தொடர்கல்வி நிறைவுறாது என்பதை நோக்க, பிறநாட்டுச் சஞ்சிகைகளினும் இதன் பணி ஒருவாற்றாற் பெரிது.

அதே 1924இற் பாரிசு நகரில் அனைத்துலகக் கால்நடை நோய் அலுவலகமும் நிறுவப்பட்டது. இதற்குக் காரணமானது இந்தியாவோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேற்றப்பட்ட திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றோடு மாட்டுக்கொள்ளை நோயும் இறங்கிற்று. நோய் எங்கே தோன்றினும் அதனைப் பிறநாட்டார்க்கு உடனே அறிவித்தல் வேண்டும் என்னும் உடன்பாடு இதன் விளைவாகும். ஓரூர் வைத்தியர் தம் குறிப்பேட்டில் எழுதும் ஒரு வரி, பிறிதொரு நாட்டு வைத்தியர்க்குப் பாடமாகும் ஏற்பாடு இவ்வாறு பிறந்தது.

கற்றதை மீண்டும் கற்கவேண்டியதன் இன்றியமையாமைக்குப் பாற்சுரம் என்னும் நோயின் வரலாறு ஒன்றே போதும். நல்ல பாலுள்ள பசு கன்று ஈன்ற ஓரிரு நாளில் நடுக்குற்று, நிலத்திற் சாய்ந்து, கழுத்தை விலாப்புறம் மடித்து, உணர்விழந்து கிடக்கும். பெயர் சுரம் எனினும் உடல் குளிர்ந்தே இருக்கும். நுவரெலியா மாவட்டத்தின் குளிரில் வளர்க்கப்படும் பிரீசியன், ஜெர்சி போன்ற ஐரோப்பிய இனக் கலப்புப் பசுக்களுக்கு இஃது அயலானதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இந்நோயுற்றவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை இறந்தன; குருதி வடித்தல் முதலாயின செய்து பார்த்துக் கைவிட்டனர். 1897இல் டென்மார்க்கின் கோல்டிங் நகரத்து வைத்தியர் ஷ்மிட் என்பார், நோயின் மூலம் மடியில் உள்ளது எனப் பிழையாகக் கருதி, அயடீன் உப்புக் கரைசலை மடியுட் செலுத்தினார். கருத்துப் பிழை, பசுக்களோ எழுந்து நின்றன. சில ஆண்டுகளில் கரைசலும் வேண்டா, காற்றை அடித்து மடியை நிரப்பினாலே போதும் எனக் கண்டனர். துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் கருவியே இதற்குப் பயன்பட்டதுமுண்டு. மடி நிறையவே பால் சுரத்தல் நிற்கும், குருதியிலுள்ள சுண்ணாம்புச் சத்து பாலோடு வெளியேறாது தங்கும் என்பதே அதன் உண்மைக் காரணம். ஆயினும் குருதியிற் சுண்ணாம்புச் சத்துக் குறைதலே நோய் என்பது 1925ஆம் ஆண்டளவிலேயே பிரித்தானிய ஆய்வாளரால் நிறுவப்பட்டது. அதன்பின் அச்சத்தை நரம்பின் வழியே ஏற்றும் ஊசி மருந்து வழக்காறாயிற்று. வீழ்ந்த பசு ஏற்றிய சிறுபொழுதில் எழுந்து நிற்றலைக் கண்டு லயத்தார் இன்றும் வியப்பர்.

இனி, 1895இற் பட்டம் பெற்று 1930இல் ஓய்வுபெற்ற ஒரு வைத்தியரை எண்ணிப் பார்த்தல் தகும். தம் தொழிற் காலத்தில் இந்த ஒரே நோய்க்கு அவர் நான்கு சிகிச்சைகளைக் கற்றிருத்தல் வேண்டும். கல்லூரியில் அவர் கற்றது அவற்றுள் முதலாவது, அதுவோ பயனற்றது. சஞ்சிகை ஒன்றும் வாராத மலையூரில் அவர் இருந்திருப்பின், அவர் கைப்பட்ட பசுக்கள் முப்பதாண்டும் பழைய விதிப்படியே இறந்திருக்கும். குற்றம் எவர்மேலது என்று ஒருவருக்கும் தோன்றியிராது.

இவ்விடத்தில் வட்டகொடைக்கு அண்மையிலேயே நிகழ்ந்த பிறிதொரு செய்தியை ஒப்புநோக்காது செல்லல் இயலாது. தேயிலைச் செடிக்கென 1925இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தாபிக்கப்பட்டது. அது பின்னர் அடுத்த ரயில் நிலையமாகிய தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. 1928 முதல் ‘டீ குவாட்டர்லி’ என்னும் காலாண்டுச் சஞ்சிகை வெளிவந்தது. மண், உரம், பூச்சி, கொழுந்து வாட்டல் ஆகிய எல்லாவற்றிலும் புதிதாகக் கண்டவை தோட்டத் துரைமார்க்கு எழுத்திலும் நேரிலும் எட்டின. இலையில் ஒரு புள்ளி விழுந்தால் அதனை ஆராய்வார் கூப்பிடு தொலைவில் இருந்தனர். அதே மலையில், அதே லயத்தின் பின்புறத்தில், பசுவின் மடியில் வீக்கங் கண்டால் அதனை ஆராயும் கூடம் மலையடிவாரத்துப் பேராதனைப் பக்கத்தில், அதுவும் பல்லாண்டுகள் கழித்தே தோன்றியது. தேயிலை ஏற்றுமதிப் பொருள், அதற்குரியோர் கம்பனிகள். பசுவுக்குரியோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தொழிலாளர். கல்வி எவ்வழிச் செல்லும் என்பதை அறிவின் தேவை மாத்திரம் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இவ்விரு கூடங்களின் இடைத்தூரமே சான்று.

எனினும் இலங்கையில் மிருக வைத்தியக் கல்வி அதன் பின்னர் விரைந்து வளர்ந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. தொழிலார் 1940இற் சங்கமாகக் கூடினர். அந்த தசாப்தத்தின் பிற்பகுதியில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தினுள் மிருக வைத்தியக் கல்வி தொடங்கப்பட்டு, ஐம்பதுகளிற் பேராதனைக்கு மாற்றப்பட்டது. 1953 முதல் சங்கத்தின் சஞ்சிகை வெளிவரலாயிற்று. 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் மிருக வைத்தியர் பதிவினை ஒழுங்கு செய்தது. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் 1967இல் அமைந்தது. 1978இற் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் விவசாயத் திணைக்களத்தினின்றும் பிரிந்து தனித்து இயங்கலாயிற்று. 1980இற் பேராதனையில் மிருக வைத்தியம் தனிப் பீடமாயிற்று. வட்டகொடையிலிருந்து ரயிலில் இறங்கிச் செல்வோர் ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைச் சந்தியை அடையலாம். தூரம் பெரிதன்று, பாதை வளைவு மிக்கது. பிணப் பரிசோதனையில் எடுத்த ஈரலின் துண்டு, பனிக்கட்டியிட்ட பெட்டியிலிருந்து ஆய்வுகூடம் சேர்வதற்கு அப்பாதையிற் கழியும் நேரமே பலகால் நோய் நிர்ணயத்தின் தலைவிதியாகின்றது.

1987ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருவகையால் நினைக்கத்தக்கது. அவ்வாண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் மாகாண சபைகள் உருவாயின. அதனைத் தொடர்ந்து, ஊர்களிற் பணிபுரியும் மிருக வைத்தியர் மாகாணத் திணைக்களத்தின் கீழ் வந்தனர்; ஆராய்ச்சியும் உயர்பயிற்சியும் மத்திய திணைக்களத்தின்பால் நின்றன. கற்போர் ஒரு கூரையின் கீழும் கற்பிப்போர் மற்றொரு கூரையின் கீழும் ஆயினர். இரண்டும் ஒத்துழைத்தன என்பது மெய்யே. ஆயினும் பயிற்சிக்கு ஒருவரை விடுவித்தற்கும் அவர் இடத்தை நிரப்புதற்கும் இரண்டு அலுவலகங்களின் இசைவு வேண்டியதாயிற்று.

மற்றையது நோய் பற்றியது. தமிழ்நாட்டில் வெக்கை நோய் எனவும் ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் எனவும் வழங்கிய மாட்டுக்கொள்ளை நோய் இலங்கையில் ஒழிக்கப்பட்டு நாற்பதாண்டு கடந்திருந்தது. 1987இல் இந்திய அமைதி காக்கும் படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது மீண்டும் புகுந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் எருமைகளும் மாண்டன. இதிற் கல்வி பற்றிய ஒரு வினா உள்ளடங்கியுள்ளது. பேராதனையிற் கற்று வெளிவந்த தலைமுறைகளுள் எவரும் இந்நாட்டில் இந்நோயைக் கண்ணாற் கண்டிலர்; வாய்ப்புண், கழிச்சல், காய்ச்சல் என்னும் குறிகளை நூலில் மட்டும் அறிந்தோர். கண்டறிந்த முதியோர் ஓய்வு பெற்றுவிட்டனர். போர் நடக்கும் மாகாணங்களில் தடுப்பூசி ஏற்றுவதோ எளிதன்று. இலங்கையில் அந்நோய் 1994இலேயே இறுதியாக அடங்கிற்று. 2011இல் உலகெங்கும் அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது; மனிதரின் பெரியம்மைக்குப் பின் முற்றாக ஒழிக்கப்பட்ட இரண்டாம் நோய் இதுவாகும்.

அதே 1987இல் தமிழ்நாட்டின் தென் ஆர்க்காட்டு மாவட்டத்து அரசூரில் ஆடுகளைத் தாக்கிய ஒரு நோய், வெக்கையைப் போன்று தோன்றினும் அதனின் வேறாய ஆட்டுக்கொல்லி நோய் என ஆய்வுகூடத்தில் தெளியப்பட்டது. இந்தியாவில் அந்நோய் இனங்காணப்பட்டது அதுவே முதன்முறை. கண்ணாற் காணும் குறி ஒன்றாயிருக்கவும் நோய் வேறாதல் உண்டு என்னும் பாடத்தை அரசூர் ஆடுகள் தந்தன. ஒழிந்த நோயை மறவாதிருத்தலும், அதனைப் போன்ற புதிய நோயை அதுவே எனக் கொண்டு மயங்காதிருத்தலும் ஒருங்கே வேண்டப்படும் தொழில் இது.

பாடத்திட்டத்திற் பெயரளவில் நின்ற நோய் வாயிலில் வந்து நிற்றலும் நிகழ்ந்தது. மாடுகளின் தோலெங்கும் கழலைகளை எழுப்பும் தோற்கழலை நோய் 1929இல் ஆபிரிக்காவின் சாம்பியாவில் முதலில் அறியப்பட்டது. தொண்ணூறு ஆண்டு கழித்து, 2020இல், இலங்கையின் வட மாகாணத்தில் அது தோன்றிப் பின் பிற மாகாணங்களுக்கும் பரவியது. கடிக்கும் ஈக்களும் நுளம்புகளும் அதனைக் காவுவன. சிகிச்சையில் மூத்த வைத்தியரும் இளைய வைத்தியரும் அந்நோயின்முன் ஒரே வகுப்பு மாணாக்கராயினர். இம்முறை தபாலுக்குக் காத்திருத்தல் வேண்டியிருக்கவில்லை; படமும் குறிப்பும் கைத்தொலைபேசியில் ஒரு நாளிற் பரந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனம் 2003இற் தொடங்கிய அகோரா என்னும் திட்டத்தால், விலை மிகுந்த ஆய்வுச் சஞ்சிகைகள் வளர்முக நாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்த விலையிலும் இலவசமாகவும் திறக்கப்பட்டன. ஆனால் அது நிறுவனத்துக்குத் திறந்த கதவேயன்றி, மலையூரிலிருக்கும் தனி வைத்தியரின் கதவன்று.

பிறநாடுகள் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியுள்ளன. ஐக்கிய இராச்சியத்தில் 2020 முதல் ஒவ்வொரு மிருக வைத்தியரும் ஆண்டுக்கு 35 மணி நேரக் கல்வியைக் கணக்குக் காட்டவேண்டும். மணியைக் கணக்கிடுதல் எளிது. ஆனால் பல தோட்டங்களுக்கு ஒருவராய், மழையில் மோட்டார் சைக்கிளில் ஏறியிறங்கும் ஒருவர் முப்பத்தைந்து மணி நேரம் தம் பிரிவை விட்டகன்றால், அந்நேரத்தில் ஈற்றுநோவெடுத்த பசுவுக்கு யார் செல்வார் என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை. ஆகவே பெருநகரத்துக் கருத்தரங்கினும், ஆராய்ச்சியாளர் மலைக்கு வந்து ஒரு நாள் உடன் திரிதலே இத்தகைய ஊர்க்கு ஏற்ற முறையாகத் தோன்றுகின்றது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் தோட்டந்தோறும் சென்று துரைமாரைக் கண்டது இம்முறையிலேதான்.

மற்றொரு சாதனம் மொழி. பேராதனையிற் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நிகழ்வது. வட்டகொடைத் தோட்டங்களில் நோயின் வரலாற்றைக் கூறுவோர் தமிழிற் கூறுவர். அத்தமிழும் யாழ்ப்பாணத் தமிழன்று. மாடு அசைபோடவில்லை, மடி கல்லாய்ப் போயிற்று, நஞ்சு விழவில்லை என அவர்கள் கூறும் ஒவ்வொன்றும் ஒரு நோய்க்குறி. இளங்கொடி என்று கேட்டுப் பழகிய வடக்கத்து வைத்தியரும் நஞ்சு என்னும் சொல்லைக் கேட்டு ஒரு கணம் தயங்குதல் கூடும். சிங்களம் மட்டும் அறிந்தவர்க்கோ பெயர்த்துரைப்போர் ஒருவர் வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் தோன்றிய பின்னர்க் கால்நடை வளர்ப்போர்க்குத் தமிழில் நூல்களை வெளியிட்டு வருகின்றது. அவை கன்னொறுவைக்கும் மலைநாட்டுக்கும் வரவழைக்கத் தக்கவை. ஆயினும் அங்குள்ள வெயில்நிலத்து மாட்டுக்கு எழுதிய தீவன அட்டவணை பனிமலைக் கொட்டிலுக்குப் பொருந்துமாறு திருத்தப்படல் வேண்டும்.

அத்திருத்தத்துக்கு வேண்டிய அறிவு ஓரளவு லயத்திலேயே உள்ளது. எந்த ஓடைக்கரைப் புல்லைத் தின்றபின் வயிறு ஊதும், எந்த மாதத்துப் பனியிற் கன்றுக்குச் சளி பிடிக்கும், எந்தப் பசுவின் ஈற்றில் முன்னும் ஒருமுறை பாற்சுரம் வந்தது என்பவற்றை ஏடின்றி மனத்தில் வைத்திருப்பவள் அப்பசுவுக்குப் புல் சுமக்கும் பெண். பழைய வாகடச் சுவடிகளில் ஓரங்களிற் சேர்ந்த குறிப்புக்கள் இத்தகையோர் வாய்மொழியிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். வைத்தியரின் குறிப்பேட்டில் பசுவின் நிறம், வயது, உடல்வெப்பம், கொடுத்த மருந்து ஆகியவற்றுக்கு நிரல்கள் உண்டு. அவள் சொன்னதை எழுதுதற்கு ஒரு நிரல் இன்னும் வரையப்படவில்லை.